அச்சுப் பெட்டியில் எத்தனை தமிழ் எழுத்து?



தமிழில் எத்தனை எழுத்து என்று பாலர் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் 247 என்று சொல்லிவிடும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இதே கேள்வியை ஈய எழுத்துக் காலத்தில், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ ஓர் அச்சுக்கூடத்தில் நின்றுகொண்டு அச்சுக் கோத்தவரிடம் கேட்டிருந்தால், அவர் தம் முன்னே சாய்த்து வைத்திருக்கும் மரப்பெட்டியைத்தான் காட்டியிருப்பார். அவருக்கு எழுத்து என்பது ஓசை அன்று. இரண்டு விரலால் எடுத்து வரிசையில் நிறுத்தும் ஈயத் துண்டு. 'கா' நமக்கு ஓர் எழுத்து, அவருக்கு இரண்டு துண்டு. 'கௌ' மூன்று துண்டு. ஆனால் 'கி'யும் 'கு'வும் அவருக்கும் ஒரே துண்டுதான். ஆகவே அவை ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனி அறை வேண்டும்.

ஒரு முறை உட்கார்ந்து இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உயிரில் 'ஔ'வை இரண்டு துண்டாகக் கோத்துவிடலாம், மீதி 11. ஆய்தம் 1. அகர வரிசை 18, புள்ளி வைத்தது 18, இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18. அதாவது 108. பிறகு கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. மொத்தம் 124. வார்ப்படத்துக்கு வார்ப்படம் இதில் இரண்டொன்று கூடும், குறையும். கிரந்த எழுத்து, எண், நிறுத்தற்குறி எல்லாம் சேர்த்தால் நூற்றைம்பதைத் தாண்டிவிடும். இந்த 124 என்ற எண்ணைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இத்தனை துண்டும் எங்கிருந்து வந்தன? யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிக் கையால் செதுக்கியிருக்கிறார். முதல் தமிழ் நூல் 1578-இல் அச்சானது என்று மேடைதோறும் பெருமையோடு சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் நூலைப் பற்றிப் பேசுகிற நாம் எழுத்தைச் செதுக்கிய கையைப் பற்றிப் பேசுவதில்லை. தமிழ் எழுத்தைக் குறைக்கலாமா, மாற்றலாமா என்ற வாதம் எழும்போதெல்லாம் இந்த வரலாற்றை விட்டுவிட்டே இரு தரப்பும் மோதிக்கொள்கின்றன. அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டேன்.

மரமும் எஃகும்

அச்செழுத்து செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, மரக்கட்டையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கி அந்தக் கட்டையையே அச்சில் வைப்பது. இதில் ஒரு 'க' செதுக்கினால் ஒரு 'க'தான் கிடைக்கும். பக்கத்தில் நாற்பது 'க' வந்தால் நாற்பது கட்டை செதுக்க வேண்டும். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. மழைக்காலத்தில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும், வரிசை கோணும்.

இன்னொரு வழி நீளமானது; ஆனால் நின்று பயன் தருவது. விரல் நீள எஃகுக் கோல் ஒன்றின் முனையில் அரத்தாலும் நுண்ணிய உளியாலும் எழுத்தைப் புடைப்பாக வெட்ட வேண்டும். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம்தான் கடினம். 'ம'வின் வயிறு, 'ண'வின் சுழி, இவற்றைத் தோண்டி எடுப்பதில்தான் செதுக்குபவரின் கைத்திறன் தெரியும். நடுநடுவே கோலின் முனையை விளக்குச் சுடரில் காட்டிப் புகைக்கரி பிடிக்கவைத்து, தாளில் ஒற்றிப் பார்ப்பார். பிழை தெரிந்தால் மறுபடி அரம். மனநிறைவு வந்தபின் எஃகைச் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினப்படுத்தி, செம்புத் துண்டின்மேல் வைத்து ஓங்கி அடிப்பார். செம்பில் எழுத்தின் பள்ளம் விழும். அதுதான் தாயச்சு. அந்தத் தாயச்சைக் கைவார்ப்புக் கூட்டில் பொருத்தி, ஈயமும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்த குழம்பை ஊற்றினால் ஓர் எழுத்து கிடைக்கும். மறுபடி ஊற்றினால் மறுபடி கிடைக்கும். ஒரே 'க'விலிருந்து ஆயிரக்கணக்கான 'க'.

ஆகவே எஃகில் செதுக்குபவர் ஓர் எழுத்தை ஒரு முறைதான் வெட்டுகிறார். ஆனால் அவர் செய்த பிழை ஆயிரம் முறை அச்சாகும்.

தமிழ் எழுத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' என்று சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா? எழுத்தைச் சிறிதாக வெட்டினால் சுழிக்குள் மை புகுந்து அடைத்துக்கொள்ளும். அப்போது மணம் எது, மனம் எது? 'கீ'யும் 'பூ'வும் வரிக்கு மேலோ கீழோ நீளும், 'ஞ' அகலும், கால் ஒல்லியாக நிற்கும். இவை அனைத்தும் ஒரே உயரமுள்ள துண்டுகளில் அடங்கி ஒரே வரியில் நேராக நிற்க வேண்டும். ஓலையில் எழுத்தாணி ஓடிய கைக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.

கோவாவும் கொல்லமும்

1554-இல் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சானது. மொழிதான் தமிழ், எழுத்து ரோமன். அங்கே தமிழ் எழுத்து வெட்ட யாரும் முனையவில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1577-இல் கோவாவில் ஜோவாவ் கோன்சால்வெஸ் என்ற ஏசுசபைத் துறவி தமிழ் எழுத்துகளை வெட்டினார். அவர் ஸ்பானியர், கொல்லர் வேலையில் கைதேர்ந்தவர் என்கிறார்கள். ஆனால் அந்த எழுத்துகள் போதவில்லை. அடுத்த ஆண்டே கொல்லத்தில் ஜோவாவ் தெ ஃபாரியா என்ற பாதிரியார் வேறு எழுத்துகளை வெட்டுவித்தார். 1578 அக்டோபர் 20-இல் 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். மொழிபெயர்த்தவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்லும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். செலவுக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள்.

இன்று அறியப்பட்ட ஒரே படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கோவாவில் 1577-இல் வெட்டிய எழுத்து வரிசையையும் கொல்லத்தில் 1578-இல் வெட்டிய எழுத்து வரிசையையும் அந்தப் பக்கத்தில் அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள். நூலைச் செய்தவர்களுக்கே எழுத்து செய்தது தனிச் சாதனை என்று தெரிந்திருக்கிறது.

அந்த நூலை இன்று நீங்கள் படிக்க உட்கார்ந்தால் திணறுவீர்கள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. 'கண்டான்' என்பதை 'கணடான' என்றுதான் பார்ப்பீர்கள். காலுக்கும் 'ர'வுக்கும் வேறுபாடு இல்லாததால் 'காடு'ம் 'கரடு'ம் ஒன்றுபோல் நிற்கும். 'கெடு'வுக்கும் 'கேடு'க்கும் ஒரே கொம்பு. இது செதுக்கியவரின் அறியாமை என்று எண்ணிவிடாதீர்கள். அக்காலத்து ஓலைச்சுவடி அப்படித்தான் இருந்தது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று விட்டுவிட்டார்கள். ஓலையைப் பார்த்து எழுத்து வெட்டியவர் ஓலையில் உள்ளதைத்தான் வெட்டினார். அதில் அவருக்கு ஓர் ஆதாயமும் கிடைத்தது. புள்ளி எழுத்து 18-ஐயும் வெட்ட வேண்டியதில்லை.

அம்பலக்காட்டு மரக்கட்டைகள்

அண்டிரிக் அடிகளார் மேலும் சில நூல்களை அச்சிட்டார். 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்', 1586-இல் புன்னைக்காயலில் அடியார் வரலாறு. பிறகு அந்த எழுத்துகள் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றுகிறது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து மறுபடி தமிழில் ஒரு பெரிய நூலை அச்சிட வேண்டி வந்தபோது, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பது மட்டும் உறுதி.

அந்த நூல் அந்தாம் தெ புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி. அவர் 1666-இல் காலமாகிவிட்டார். அகராதி அச்சானது 1679-இல், இன்றைய கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் உள்ள அம்பலக்காட்டில். அச்சிட்டவர் இக்னேசியஸ் ஐச்சாமணி. அவரே தமிழ் எழுத்துகளை மரத்தில் செதுக்கினார் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த பவுலினோஸ் பாதிரியார் எழுதிவைத்திருக்கிறார். பெயரைப் பார்த்தால் ஐச்சாமணி அந்த மண்ணைச் சேர்ந்தவர் என்றே தோன்றுகிறது. கோவாவிலும் கொல்லத்திலும் எழுத்து வேலையை நடத்தியவர்கள் கடல் கடந்து வந்தவர்கள்.

மரத்தில் ஓர் அகராதி! சற்றே எண்ணிப் பாருங்கள். கதை நூலில் எழுத்துகள் கலந்து வரும். அகராதியில் 'ப' வரிசை வந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு சொல்லும் 'ப'வில்தான் தொடங்கும். அடுத்த வாரம் 'ம'. பெட்டியில் 'ப' தீர்ந்துவிட்டால் ஈயமாக இருந்தால் வார்த்துக்கொள்ளலாம். மரமாக இருந்தால் மறுபடி உளியை எடுக்க வேண்டும். ஐச்சாமணி எத்தனை 'ப' செதுக்கினார் என்று எவரும் எண்ணிவைக்கவில்லை. நான் இந்த வரலாற்றில் ஒரே ஒருவரைச் சந்திக்கலாம் என்றால் அவரைத்தான் சந்திப்பேன்.

இந்த அகராதியின் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. 1954-இல் அதைக் கண்டெடுத்தவர் தனிநாயகம் அடிகளார். அதைப் பதிப்பித்து வெளியிட்ட இடம் எது தெரியுமா? சென்னையும் அன்று, யாழ்ப்பாணமும் அன்று. நம் கோலாலம்பூர். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு அடிகளார் தலைமை தாங்கிய காலத்தில், 1966-இல் அது வெளிவந்தது. அதே ஆண்டு ஏப்ரல் மாதம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. மாநாட்டை நாம் மறக்கவில்லை. அந்தப் படங்கள் இன்னும் நம் இதழ்களில் வந்துகொண்டிருக்கின்றன. அகராதியைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு.

தரங்கம்பாடியில் சிறிதான எழுத்து

அடுத்த முயற்சி கிழக்குக் கரையில், டென்மார்க்குக்காரர்களின் தரங்கம்பாடியில் நடந்தது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்குக்கு லண்டனிலிருந்து ஓர் அச்சுப்பொறி அனுப்பப்பட்டது. வழியில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அச்சுத் தொழில் தெரிந்து உடன் வந்தவர் பயணத்திலேயே இறந்துபோனார். பொறி மட்டும் 1712-இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகளைச் சீகன்பால்கு வரைந்து ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பியிருந்தார். அங்கே அந்த வரைபடத்தைப் பார்த்து எழுத்து வெட்டி வார்த்து 1713-இல் அனுப்பிவைத்தார்கள். வெட்டியவர்களுக்குத் தமிழ் தெரியாது. சுழியும் வளைவும் அவர்களுக்கு வெறும் ஓவியம். எழுத்துகள் பெரியவையாக வந்தன.

பெரிய எழுத்து என்றால் என்ன கேடு என்று கேட்கலாம். கேடு தாளில். தாள் கப்பலில் வர வேண்டும், கிடைப்பது அரிது. பெரிய எழுத்தில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் இருப்பிலுள்ள தாள் போதாது. எழுத்துகளோடு ஹாலேயிலிருந்து வந்த யோஹான் காட்லீப் ஆட்லர் என்ற தொழிலாளி பக்கத்து ஊரான பொறையாற்றில் உலை மூட்டி, சிறிய எழுத்துகளைப் புதிதாக வெட்டி வார்த்தார். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து செஷயர் பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கினார்கள் என்று திருச்சபை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1714-இல் தொடங்கிய புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவடைந்தது. அதே 1715-இல் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் எழுந்தது. ஓர் எழுத்தை எவ்வளவு சிறிதாக வெட்டலாம் என்ற கேள்விக்கு விடை எழுத்தழகில் இல்லை, தாளின் விலையில் இருந்தது. இதுதான் நான் முன்பு சொன்ன விஷயத்தின் தொடக்கம்.

இந்த இடத்தில் வீரமாமுனிவரை மறந்துவிடக் கூடாது. குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் இரட்டைச் சுழிக் கொம்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏசுசபையைச் சேர்ந்த அவரும் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்து எழுதிக்கொண்டவர்கள். ஆனாலும் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்தான்.

புள்ளியும் இரட்டைக் கொம்பும் 'ர'விலிருந்து பிரிந்த காலும் அச்சில் மெல்ல மெல்லத்தான் நிலைபெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அவை முழுமையாக ஊன்றின. ஓலையைப் படித்தவர் பெரும்பாலும் அதே குருவிடம் பாடம் கேட்டவர். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். அச்சுநூலைப் படிப்பவர் முகம் தெரியாதவர், எங்கோ இருப்பவர். அவருக்காகத்தான் இந்த அறைகள் கூடின. அச்சு தமிழ் எழுத்தைக் குறைத்தது என்று பொதுவாகச் சொல்கிறோம். முதல் முந்நூறு ஆண்டுகளில் அச்சு செய்தது அதற்கு நேர்மாறு. செதுக்குபவர் கூடுதலாக உழைத்தார், படிப்பவருக்கு ஐயம் தீர்ந்தது.

சென்னைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1761-இல் புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி வேப்பேரிக்குப் போனது. 1835-இல் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த வழி பிறந்தது. அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி.ஆர். ஹண்ட் என்பவர் மேற்பார்வையில் வெட்டிய சிறிய, தெளிவான எழுத்துகளில் 1862-இல் வின்சுலோ அகராதி வந்தது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்களை ஒரே நூலில் அடக்க முடிந்ததற்கு அந்த எழுத்தும் ஒரு காரணம். ஐச்சாமணியின் மரக்கட்டைக்குப் பிறகு 183 ஆண்டு.

பினாங்கிலும் மலாக்காவிலும்

எழுத்து செதுக்கும் இந்த வேலை நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. ஆனால் சீன எழுத்துக்கு. 1827-இல் பினாங்குக்கு வந்த சாமுவேல் டையர் என்ற பாதிரியார், சீன எழுத்தை ஈயத்தில் வார்க்க வேண்டும் என்று உறுதிபூண்டார். சீனத்தில் ஆயிரக்கணக்கான எழுத்து. எதை முதலில் வெட்டுவது? சீன நூல்களை எடுத்துவைத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கினார். 1834-இல் மிகத் தேவையான 3,000 எழுத்துகளின் பட்டியலை வெளியிட்டார். 1835-இல் மலாக்காவுக்கும் 1842-இல் சிங்கப்பூருக்கும் இடம் மாறினார். சீனத் தொழிலாளர்கள் எஃகுக் கோல்களை ஒவ்வொன்றாக வெட்டினார்கள். 1843-இல் டையர் மக்காவில் காலமானபோது வேலை பாதியில் நின்றது. பிறகு மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மூவாயிரம் எழுத்தைச் செதுக்க நேர்ந்தும் அவர் செய்தது பயன்பாட்டை எண்ணி வரிசைப்படுத்தியதுதான். எழுத்தின் உருவத்தை மாற்றச் சொல்லவில்லை.

இந்த வட்டாரத்தில் தமிழ் அச்சுக்கும் நீண்ட மரபு உண்டு. 1872-இல் சிங்கப்பூரில் 'முனாஜாத்துத் திரட்டு' வெளிவந்தது. 1887-இல் மகுதூம் சாயபு தீனோதய வேந்திரசாலை என்ற அச்சகத்திலிருந்து 'சிங்கை நேச'னைத் தொடங்கினார். 1924-இல் கோலாலம்பூரில் பிறந்த 'தமிழ் நேசன்' 2019 வரை வந்தது. 1935-இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' பிறந்தது. இவையெல்லாம் ஈய எழுத்தில் வளர்ந்தவை. அந்தப் பெட்டிகளின்முன் நின்று, கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்தால் 'ழு' எது 'மு' எது என்று எடுத்தவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் போய்ப் பேசுங்கள்.

ஏழு அறையா, எழுபத்திரண்டு அறையா?

இனி அந்த 124-க்கு வருவோம். உண்மையில் அக்காலத்துப் பெட்டியில் அது 124 அன்று. பழைய நூல்களைப் பார்த்த மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது, எழுத்தோடு சுழித்துக்கொண்டு ஒன்றாகும். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு வரும். இவை ஏழுக்கும் ஏழு தனித் துண்டு, ஆக 131.

பெரியார் 1935 ஜனவரியில் 'குடிஅரசு' இதழில் இவற்றை மாற்றி எழுதத் தொடங்கினார். கற்பதற்கு எளிமை என்பதோடு, அச்சுக் கோப்பதற்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதையும் அவர் காரணமாகக் காட்டினார். பத்திரிகை நடத்தியவர் அல்லவா? பெட்டியின் தொல்லை அவருக்குத் தெரிந்திருந்தது. மலாயாவுக்கு வந்து பணியாற்றிய யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கப் பாடுபட்டதும் ஏறக்குறைய இதே காலம். ஐம்பதுக்கும் குறைவான விசைக்குள் தமிழை அடக்க அவர் பட்ட பாடு, ஈயப் பெட்டிக்காரர் பட்ட பாட்டைவிடக் கூடுதல். அழுத்தினாலும் நகராத விசைகளை வைத்துப் புள்ளியையும் இகரச் சுழியையும் எழுத்தின் தலையில் ஏற்றினார்கள்.

1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஏற்றுக்கொண்டன. மாறியவை 13 எழுத்துகள் என்று பாடநூலில் படிக்கிறோம். ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள் ஆறு. பிறகு ஐகாரம் நான்கு. சரிதான். ஆனால் பெட்டியில் மிச்சமானவை ஏழே ஏழு அறைகள். 'ணொ'வுக்கும் 'ணோ'வுக்கும் தனித் துண்டு கிடையாது. கொம்பும் பழைய 'ணா'வும் சேர்ந்தால் வந்துவிடும். 131-இல் ஏழு குறைந்தது அச்சுக்கூடத்துக்குப் பெரிய விடுதலை அன்று. அந்தச் சீர்திருத்தம் நிலைத்ததற்குக் காரணம் வேறு. எல்லா எழுத்துக்கும் கால் தனியாக நிற்கும்போது மூன்றுக்கு மட்டும் ஏன் ஒட்ட வேண்டும் என்ற கேள்விக்கு மறுமொழி இல்லை. பிள்ளைக்கு ஒரு விதி மிச்சம். ஆகவே அது நல்ல மாற்றம் என்பதே என் கருத்து.

பெட்டியை உண்மையில் நிறைத்தவை வேறு. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம்: 18 பெருக்கல் 4. 72 அறைகள்! மொத்தப் பெட்டியில் பாதிக்குமேல். முனைவர் வா.செ. குழந்தைசாமி வலியுறுத்திய அடுத்த கட்டச் சீர்திருத்தம் சரியாக இந்த 72 எழுத்துகளைத்தான் குறிவைத்தது. இவற்றுக்கும் காலைப்போலத் தனிக் குறியீடுகள் வைத்துவிடலாம் என்பது அவர் கருத்து. 2010 ஜூனில் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டுவிடுமோ என்ற பேச்சு எழுந்தபோது, மலேசியத் தமிழர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மாநாடு முடிந்தது, அப்படி எந்த மாற்றமும் வரவில்லை.

குழந்தைசாமி அவர்கள் பெரிய கல்வியாளர். பிள்ளைகளின் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற அவருடைய அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சுமை உண்டா இல்லையா என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையில் அளந்து சொல்லட்டும். நான் சொல்வது ஒன்றுதான். இந்த 72 வடிவங்களும் ஈயத்தில் சுமையாக இருந்த காலத்தில், அவற்றைக் குறைப்பதற்கு வலுவான காரணம் இருந்தது. எஃகில் 72 கோல் வெட்ட வேண்டும், 72 தாயச்சு, 72 அறை, கோப்பவரின் கைக்கு அத்தனை எட்டு. அந்தக் காலத்தில், அத்தனைத் துன்பத்திலும், ஆட்லரோ ஐச்சாமணியோ 'கு'வுக்கும் 'சு'வுக்கும் ஒரே குறி போதும் என்று முடிவுசெய்யவில்லை. 'கு' ஒரு விதமாகவும் 'சு' வேறு விதமாகவும் 'து' மற்றொரு விதமாகவும் வளைவதை வளைவதாகவே வெட்டினார்கள். இன்று கணினிக்குள் அறைக்குப் பஞ்சமில்லை. கைப்பேசியில் 'க்' தட்டி 'உ' தட்டினால் 'கு' தானே வந்து நிற்கிறது. பெட்டி போன பிறகு, பெட்டிக்காக எழுந்த வாதத்தை மட்டும் நாம் ஏன் சுமந்துகொண்டிருக்க வேண்டும்?

கணினித் தமிழில் நம் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1999-இல் மறையும்வரை அதற்கு உழைத்தார். 1997-இல் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாக நடந்ததும் சிங்கப்பூரில்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். அவர் வரைந்த இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. உளியும் அரமும் போய்த் திரையில் கோடு வளைக்கும் வேலையாகிவிட்டது. ஆனாலும் ஒரு புதிய தமிழ் எழுத்துருவை வரைபவர் இன்றும் 'கூ', 'சூ', 'டூ', 'ணூ' என்று ஊகார வரிசையின் பதினெட்டையும் ஒவ்வொன்றாகத்தான் வரைகிறார். மூன்று சுழி 'ண'வைச் சிறிதாக்கிப் பார்த்து, சுழி அடைகிறதா என்று சோதிக்கிறார். கொல்லத்தில் மையைத் தொட்டு ஒற்றிப் பார்த்தார்கள். இவர் திரையில் எழுத்தின் அளவைக் குறைத்துப் பார்க்கிறார்.